பால் கக்கும் பிள்ளையும் பலர் சொன்ன மருந்தும்

எமது மகள் பிறந்து இரண்டு மாதம் கழிந்த வேளையில், ஒரு நாள் வீட்டு அலுமாரித் தட்டை நோக்கியபோது எமக்கு வெட்கமாயிருந்தது. வசம்பு, ஓமத் தண்ணீர், கிறைப் வோட்டர், அயலவர் கொணர்ந்த தேன் ஆகிய நான்கும் அங்கே வரிசையாக இருந்தன. வகுப்பறையிலே பகுத்தறிவைப் பற்றி ஓயாது பேசும் நாம், பால் கக்கும் ஒரு பிள்ளையின் முன் செய்வதறியாது நின்றோம்.

பிள்ளை குடித்த பாலைத் தோளில் வழியவிடும். முதுகை வளைத்து அழும். "வாயு தான் தம்பி. வசம்பைச் சுட்டு உரைச்சு நாக்கிலை தடவினாச் சரி" என்றார் மாமி. பேற்றின் களைப்பு நீங்காத மனைவிக்கு மருந்து சொன்னவர் பலர். பிள்ளையை அரைமணி நேரம் ஏந்த முன்வந்தவர் சிலரே. அச்சிலருள் நாம் இருக்கவில்லை.

அக்கிழமை குடும்பநல உத்தியோகத்தர் வந்து பிள்ளையை நிறுத்துப் பார்த்தார். பதிவேட்டிலே கோடு மேல்நோக்கியே சென்றது. "கக்கிறது வேறை, சத்தி வேறை, சேர். நிறை கூடுது, மருந்து தேவையில்லை" என்றார்.

காரணம் எளியது. உணவுக்குழாயும் இரைப்பையும் கூடுமிடத்திலுள்ள தசைவளையம் கைக்குழந்தையில் முதிர்ச்சி பெறாதது. உணவோ திரவம், பிள்ளையோ படுத்தபடி. ஆகவே பால் மேலெழுகிறது. ஏறத்தாழ நான்காம் மாதத்தில் இது உச்சமடைந்து, பெரும்பாலான பிள்ளைகளில் ஒன்றரை வயதுக்குள் தானே அடங்கிவிடும்.

அப்படியாயின் எமது நான்கு மருந்துகளின் கதி யாது? வசம்பைப் 'பிள்ளை வளர்ப்பான்' என எம்மவர் போற்றுவர். ஆயினும், அதிலுள்ள ஒரு பொருள் ஆய்வுகூட எலிகளிற் கட்டிகளைத் தோற்றுவித்ததால், 1968இல் அமெரிக்கா அதனை உணவிற் சேர்க்கத் தடைவிதித்தது. தேன் ஒரு வயதுக்குட்பட்டோருக்குக் கொடிய நச்சு நோயை விளைவிக்கக்கூடும். கிறைப் வோட்டரை 1851இல் இங்கிலாந்தின் நொட்டிங்காமில் உருவாக்கியவர் வில்லியம் வூட்வேட். அன்றைய கலவையில் மதுசாரமும் சீனியும் இருந்தன. ஓமத் தண்ணீரோ, ஆறு மாதம்வரை தாய்ப்பாலன்றி வேறொன்றும் வேண்டாத வயிற்றில் வீணே இடம்பிடிப்பது.

இதனால் மாமியின் அறிவனைத்தும் பொய்யென்று கொள்ளலாகாது. பிள்ளையைத் தோளிற் சாய்த்து, ஏவறை வரும்வரை முதுகைத் தட்டிக்கொடுப்பதை எமக்குக் கற்பித்தவரும் அவரே. சிறிது சிறிதாகப் பாலூட்டல், பின்னர் அரைமணி நேரம் நிமிர்த்தி ஏந்தல், மல்லாத்தி உறங்கவைத்தல்: வைத்தியர் கூறியதும் இவ்வளவே. பச்சை நிறத்திலோ குருதி கலந்தோ சத்தியெடுத்தாலும், பால் பீறிட்டுப் பாய்ந்தாலும், நிறை குறைந்தாலும் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும் என்றும் அவர் எச்சரித்தார்.

ஆயின் அந்த அரைமணி நேரம் யாருக்குக் கிட்டுகிறது? வினா இங்கேதான் மருத்துவத்தை விட்டுச் சமூகத்தினுட் புகுகிறது. கடையிலும் ஆடைத் தொழிற்சாலையிலும் தோட்டத்திலும் உழைக்கும் தாய்க்குச் சட்டம் தரும் பேற்று விடுமுறை 84 நாட்கள். அதிலும் ஒரு பகுதி பேற்றுக்கு முன்னரே கழியும். பிள்ளையின் தொல்லை உச்சமடையும் காலத்திலேயே அவள் வேலைக்குத் திரும்பவேண்டியவளாகிறாள். நேரத்தைப் பறிகொடுத்த அத்தாயிடம் போத்தலில் அடைத்த ஆறுதலை விற்பது எளிது. அவள் அறியாமையினால் மட்டும் அதனை வாங்குவதில்லை, களைப்பினாலும் வாங்குகிறாள்.

அன்றிரவு தட்டை வெறுமையாக்கினோம். பிள்ளையை எமது தோளுக்கு மாற்றிக்கொண்டு, மனைவியை உறங்கச் சொன்னோம். மகள் எமது சட்டையிற் பாலைக் கக்கினாள். அவளுக்கு அது நோயன்று. எமக்கோ, பிந்தியேனும் கிடைத்த பாடமாயிற்று.