காரியாபட்டி ஈரல்

காரியாபட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கினால் உங்களுக்கு முதலில் எந்த வாசம் வரும்? எனக்குப் பங்குனியில் களத்தில் காயும் மிளகாய் வத்தல் நெடி. புரட்டாசியில் நனைந்த கரிசல். அப்புறம் கறிக்கடைப் பக்கத்துப் பச்சை ஈரல் வாசம். அந்த ஈரலிலிருந்துதான் நான், செல் மூச்சு விடும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவைப் பிரிக்கப் பழகினேன் என்றால் சிரிப்பீர்கள்.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் படித்த காலம். ஊருக்கு வந்தால் ஞாயிறு விடியலில் தூக்குவாளியோடு பாயின் கறிக்கடை முன்னால் நிற்பேன். சர்பத் கடையில் மரத்தூளுக்குள் கிடந்த ஐஸை உடைத்து வாளியில் நிரப்பியிருப்பேன். "செத்த ஈரலுக்கு எதுக்கு தம்பி ஐஸு?" என்பார் பாய். ஆடு விழுந்த நிமிஷத்திலிருந்து செல்லின் நொதிகள் செல்லையே தின்னத் தொடங்கும். குளிர்தான் அதை மட்டுப்படுத்தும். முந்தின ராத்திரி பாய் ஆட்டுக்குத் தழை போடமாட்டார், குடல் கழுவ லேசு என்று. எலியைப் பட்டினி போட்டுத்தான் ஈரல் எடுக்க வேண்டும், அப்போதுதான் கிளைக்கோஜன் குறையும் என்று எங்கள் செய்முறை ஏடும் சொன்னது. பாய் அதைப் படித்ததில்லை.

பஸ்ஸில் மடியில் வாளி. நாகமலை தெரிந்ததும் மனசு பரபரக்கும்.

ஆய்வகத்தில் ஈரலை நறுக்கிச் சர்க்கரைத் தண்ணீரில் அலசுவோம். லிட்டருக்கு 85.6 கிராம் சுக்ரோஸ். வெறும் தண்ணீரில் மைட்டோகாண்ட்ரியா ஊதி வெடிக்கும், உப்புத் தண்ணீரில் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிக்கொள்ளும். 1948இல் ராக்கபெல்லர் நிலையத்தில் ஹோகபூம், ஷ்னைடர், பலாடே மூவரும் கெட்டிச் சர்க்கரைக் கரைசலில்தான் அதன் உருவம் கெடாமல் எடுத்தார்கள். ஐஸில் புதைத்த கண்ணாடிக் குழாயில் டெஃப்லான் குழவி ஏறி இறங்கும். நுரை வந்தால் போச்சு. எத்தனை இழுப்பு என்பது கைக்குத்தான் தெரியும். மஸ்லின் துணியில் வடிகட்டி, 600 ஜி விசையில் பத்து நிமிஷம் சுற்றினால் உட்கருவும் உடையாத செல்லும் அடியில் தங்கும். மேல் நீரை 8,000 ஜியில் சுற்ற, கருப்பட்டிப் பாகு நிறத்தில் ஒரு படிவு. அதில் கொஞ்சம் எடுத்து ஆக்சிஜன் மின்முனைக் கலத்தில் விட்டு, சக்சினேட் சேர்த்து, ஏடிபி (ADP) ஒரு துளி விட்டதும் ஆக்சிஜன் அளவைக் காட்டும் பேனாக்கோடு சடசடவென்று சரியும். விடியலில் விழுந்த காரியாபட்டி ஆடு மத்தியானம் பல்கலை நகரில் மூச்சு வாங்கும்.

பாய் இப்போது இல்லை. கடை இருந்த இடத்தில் செல்போன் ரிப்பேர். ஐஸுக்கு மரத்தூள் தேடுவாருமில்லை. ஆய்வகங்களுக்குக் காந்தமணி கிட் கூரியரில் வருகிறது. ஆன்டிபாடி பூசிய மணி மைட்டோகாண்ட்ரியாவைப் பிடித்துத் தந்துவிடும். கொஞ்சூண்டு செல் போதும், சுத்தமும் அதிகம், மறுக்கவில்லை. ஆனால் குழவிச் சத்தம் கேட்காத ஆய்வகம் எனக்கு ஆய்வகமாகத் தெரியவில்லை.

இன்னும் பழைய முறையில் எடுக்கிறவர்கள் இருந்தால் ஒன்று: படிவின் அடியில் சிவப்பாக ஒரு பொட்டு தெரியும். அது ரத்த அணு; கலக்காமல் விட்டுவிடுங்கள்.