மொரட்டாண்டி மேட்டில் எரிந்த கடல் விளக்கு

மொரட்டாண்டி சுங்கச்சாவடியைத் தாண்டியதும் சாலையை விட்டிறங்கிக் கிழக்கே நடந்தேன். வானூர் வட்டத்துக்கே உரிய செம்மண். ஒரு கைப்பிடி அள்ளினால் விரல் ரேகைக்குள் சிவப்பு ஏறிக்கொள்கிறது. உள்ளங்கையில் மிளகளவு சரளைக்கற்கள் மிஞ்சுகின்றன. முந்திரி மரங்களுக்கு நடுவே மழைநீர் அறுத்த ஓடைகள். புதுச்சேரிக்கு வந்த கப்பல்களுக்கு வழிகாட்ட, ஒரு காலத்தில் இந்த மேட்டில்தான் இரவில் தீ மூட்டினார்கள்.

ஏன் இங்கே? புதுச்சேரிக் கரை தாழ்வான மணற்கரை. அதன் வடமேற்கில் எழும் இந்தச் செம்மண் மேட்டின் உச்சி, கடல் மட்டத்திலிருந்து சுமார் 50 மீட்டர் உயரம். அந்த உயரத்தில் எரியும் தீ, வானம் தெளிந்திருந்தால் ஏறக்குறைய 25 கிலோமீட்டர் தொலைவுக்குத் தெரியும். கோபுரம் கட்டாமலே கோபுரத்தின் உயரம் கிடைத்துவிட்டது.

அந்நாளில் கப்பல்கள் கரையை ஒட்டி நிற்க முடியாது. கடலில் நங்கூரம் போட்டுவிடும். சரக்கையும் ஆட்களையும் சலங்குகள்தான் கரை சேர்த்தன. ஆணி அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் தைத்த படகு அது. அலை மோதினால் உடையாமல் நெகிழ்ந்து கொடுக்கும். 18ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிய நாட்குறிப்பில் கப்பல்களின் வரவும் போக்கும் பதிவாகியிருக்கின்றன. ஊரின் வணிகமும் அரசியலும் அவற்றை நம்பியே இருந்தன.

அங்கிருந்து கோட்டக்குப்பம் வழியாகப் புதுச்சேரி கடற்கரைச் சாலைக்குப் போனேன். காந்தி சிலைக்கு எதிரே நிற்கிறது பழைய கலங்கரை விளக்கம். 30 மீட்டருக்குச் சற்றுக் குறைந்த உயரம். 1836 ஜூலை 1 அன்று இதில் முதன்முதலாக விளக்கேற்றினார்கள். அதன் பிறகு மொரட்டாண்டித் தீக்கு வேலை இல்லாமல் போயிற்று. 1979இல் ஊரின் தெற்கே 48 மீட்டர் உயரப் புதிய கலங்கரை விளக்கம் வந்ததும் இந்த விளக்கும் ஓய்வு பெற்றது.

கடற்கரைக்கு வருகிறவர்கள் இந்தக் கோபுரத்தின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். இதற்கு முன்னோடியான மேட்டிலோ, நான் நடந்த வழியில் ஓர் அறிவிப்புப் பலகைகூடக் கண்ணில் படவில்லை. விழுப்புரம் மாவட்டக் கடல் வரலாற்றில் மொரட்டாண்டிக்கு உரிய இடம் உண்டு. சுற்றுலாத் துறையும் ஊராட்சியும் சேர்ந்து அங்கே ஒரு கல்வெட்டு நட வேண்டும். வானூர்ப் பள்ளிப் பிள்ளைகளை ஆசிரியர்கள் அந்த மேட்டுக்கு அழைத்துச் சென்று இந்தக் கதையைச் சொல்ல வேண்டும்.