பூனைக்கண் பார்ப்போர்

வீட்டுப் பூனை பார்வையை இழந்துவருவதை அதன் கண்ணைவிட அதன் நடமாட்டமே முதலில் காட்டிக்கொடுக்கிறது. வேட்டையாடும் விலங்காகவும் பெரிய விலங்குகளுக்கு இரையாகவும் ஒருசேர வாழ்ந்து பழகிய பூனை, தன் வலியையும் குறையையும் மறைக்கும் இயல்புடையது. பார்வை சிறிது சிறிதாகக் குறையும்போது மீசை மயிர்களின் தொடுவுணர்வு, காதின் கூர்மை, வீட்டின் அமைப்பைப் பற்றிய நினைவு ஆகிய மூன்றையும் கொண்டு அந்தக் குறையை ஈடுசெய்துகொள்கிறது. ஆகவே கட்டிலும் பீரோவும் இருந்த இடத்திலேயே இருக்கும்வரை, முழுக்கப் பார்வையற்ற பூனையும் தடுமாறாமல் உலவக்கூடும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கச் சாமான்களை நகர்த்தும்போதோ, குடும்பம் வேறு வீட்டுக்குக் குடிபோகும்போதோதான் அது சுவரை ஒட்டியே நடப்பதும், தாவுமுன் நெடுநேரம் தயங்குவதும், நாற்காலிக் காலில் மோதிக்கொள்வதும் வீட்டார் கவனத்துக்கு வருகின்றன.

சென்னையில் சிறு விலங்கு மருத்துவமனை ஒன்றின் கண் பரிசோதனை அறையில் நடைபெறும் வேலையை நேரில் காணும்போது, பூனையின் பார்வையை மதிப்பிடுவது மருத்துவர் ஒருவரின் திறமையால் மட்டும் முடிவதன்று என்பது விளங்குகிறது. 1903இல் சைதாப்பேட்டையில் தொடங்கிப் பின்னர் வேப்பேரியில் நிலைபெற்ற சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி தலைமுறை தலைமுறையாக மருத்துவர்களை உருவாக்கியிருக்கிறது. ஆனால் பூனையை மேசைமீது நிறுத்தும் உதவியாளரின் கைப்பழக்கம் எந்தப் பாடநூலிலும் முழுமையாக எழுதப்பட்டதில்லை. அவர் தடித்த துண்டொன்றை விரித்து, பூனையை அதன்மேல் அமர்த்தி, முன்கால்கள் உள்ளே அடங்குமாறு இருபுறமும் மடித்துச் சுற்றித் தலையை மட்டும் வெளியே விடுகிறார். பிடரியைக் கொத்தாகப் பற்றுவதில்லை, கழுத்தை அழுத்துவதுமில்லை. கழுத்து இரத்தநாளங்களில் அழுத்தம் ஏற்பட்டால் கண்ணின் உள்ளழுத்தம் பொய்யாக உயர்ந்து, பின்னர் எடுக்கப்படும் அளவு பிழையாகிவிடும் என்பதே இதற்குக் காரணம். பூனைக் கண்ணின் உள்ளழுத்தம் பொதுவாக 10 முதல் 25 பாதரச மில்லிமீட்டர் வரை இருக்கும். அதற்கு மேல் நிலைத்து உயர்வதே கண் அழுத்த நோய் எனப்படும் கிளாக்கோமாவாகும். உதவியாளரின் கை தவறினால் நோயில்லாத கண்ணும் நோயுற்றதாகத் தோன்றிவிடும் என்பதை எண்ணும்போது, அவருடைய பொறுப்பு எவ்வளவு பெரிது என்பது புலப்படும்.

பரிசோதனை கருவிகளோடு தொடங்குவதில்லை, கேள்விகளோடு தொடங்குகிறது. டியூப்லைட் ஓரத்துப் பல்லியைப் பூனை இப்போதும் அண்ணாந்து பார்க்கிறதா, பகலைவிட மாலை மங்கலில் அதிகம் தயங்குகிறதா, சத்தமின்றி அருகே செல்லும்போது திடுக்கிடுகிறதா என்று வீட்டாரிடம் கேட்கப்படுகிறது. மாலையில் தயங்குவது முக்கியமான குறிப்பு. ஏனெனில் மனிதருக்குத் தேவைப்படும் ஒளியில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு ஒளியிலேயே பார்க்கவல்ல பூனை மங்கலில் தடுமாறுமானால், விழித்திரையில், அதாவது கண்ணின் உட்புறப் பின்சுவரில் ஒளியை உணரும் திசுவில், கோளாறு இருக்கலாம் என ஐயுற இடமுண்டு.

அதன்பின் மருத்துவர் ஒரு கண்ணை மறைத்து, மற்றக் கண்ணை நோக்கித் தம் கையைச் சட்டென்று கொண்டுசெல்கிறார். காற்று வீசாமலும் மீசை மயிரில் படாமலும் இது செய்யப்பட வேண்டும். இல்லாவிடில் பூனை கண்ணை மூடுவது கண்டதாலா, உணர்ந்ததாலா என்று பிரித்தறிய இயலாது. சில பூனைகள் மருத்துவமனைக்கு வந்த அச்சத்தில் இதற்கு அசையாமல் இருந்துவிடுவதால், பஞ்சு உருண்டை ஒன்றைக் கண்ணெதிரே மேலிருந்து நழுவவிட்டு, தலை அதைத் தொடர்கிறதா என்றும் பார்க்கப்படுகிறது. பஞ்சு விழும்போது ஓசை எழுவதில்லை, வாசனையும் இல்லை. டார்ச் ஒளி பட்டதும் கண்மணி சுருங்குவதை மட்டும் கண்டு பார்வை நன்றாக உள்ளது என முடிவுகட்டுவது தவறாகும். அந்த அனிச்சைச் செயலுக்குப் பெருமூளையின் பங்கு தேவையில்லை என்பதால், மூளைக் கோளாற்றால் பார்வையிழந்த பூனையின் கண்மணியும் சுருங்கும். மறுபுறம், அச்சத்தால் கண்மணி விரிந்து நிற்பதும் இயல்பே.

கண்ணின் மேற்பரப்பில் வரும் நோய்களுள் வீட்டார் பெரும்பாலும் பிழையாக மதிப்பிடுவது கண்ணை இடுக்கிக்கொள்ளும் நிலையையாகும். ஒரு கண்ணை மட்டும் பாதி மூடியபடி இருக்கும் பூனை தூக்கக் கலக்கத்தில் இருப்பதாக எண்ணப்படுகிறது. உண்மையில் அது வலியின் அடையாளம். பூனைகளில் பரவலாகக் காணப்படும் ஹெர்பிஸ் வைரஸ், குட்டிப் பருவத்தில் தும்மலும் பீளையுமாக வந்து, பின்னர் நரம்புக் கணுக்களில் ஒடுங்கிக் கிடந்து, வீடு மாறுதல் போன்ற மனநெருக்கடியின்போது மீண்டும் தலைதூக்கிக் கருவிழியின் மேலுள்ள ஒளிபுகும் படலத்தில் புண்ணை உண்டாக்குகிறது. இப்புண் வெறுங்கண்ணுக்குப் புலப்படாமலும் போகலாம். அப்போது ஃப்ளோரசின் என்னும் சாயம் ஏற்றிய ஆரஞ்சு நிறத் தாள் துண்டைச் சலைன் துளியில் நனைத்துக் கண்ணோரம் தொடுவிக்கின்றனர். அதிகப்படியான சாயத்தைக் கழுவியபின் விளக்கை அணைத்து நீல ஒளியைப் பாய்ச்சினால், மேற்தோல் சிதையாத இடங்களில் சாயம் ஒட்டாமல் வழிந்துவிட, புண்பட்ட இடம் மட்டும் பச்சையாகச் சுடர்கிறது. வைரஸால் வந்த புண் சில வேளைகளில் மரக்கிளை விரிந்தாற்போன்ற மெல்லிய கோடுகளாகத் தெரியும்.

இந்தச் சோதனைக்கு முன்னரே, வீட்டில் யாருக்கோ எழுதித்தந்த கண் சொட்டு மருந்தைப் பூனைக்கும் இட்டுவிடும் வழக்கம் பெருந்தீங்கு விளைவிக்கிறது. அத்தகைய மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தால், சிவப்பு இரண்டொரு நாள் தணிந்தாற்போல் தோன்றும். ஆனால் புண் ஆழமாகிக் கண்ணில் பூ விழுவதற்கோ, கண் ஓட்டையாவதற்கோ அது வழிவகுக்கக்கூடும். நகரங்களில் இன்று பெருகியுள்ள தட்டை முகப் பெர்சியன் பூனைகளில் மற்றொரு நோயும் காணப்படுகிறது: கருவிழிப் படலத்தின் நடுவே திசு மடிந்து, பழுப்பு அல்லது கறுப்பு நிறத் தகடாக அங்கேயே தங்கிவிடுகிறது. காய்ந்த பீளை என்று கருதி வீட்டார் அதை ஈரத்துணியால் துடைத்தெடுக்க முயல்வதுண்டு. அது துடைத்தால் போவதன்று, பெரும்பாலும் அறுவை செய்தே அகற்ற வேண்டியது.

உணவைப் பற்றிய விசாரணையை உதவியாளரே தொடங்கிவைப்பதும் உண்டு. துண்டைச் சுற்றிக்கொண்டே, "சாப்பாடு என்னம்மா குடுக்கறீங்க?" என்று அவர் பேச்சுவாக்கில் கேட்க, "பால்சோறுதான், சில நாள் தயிர்சாதம்" என்று வரும் விடை மருத்துவருக்கு ஒரு திசையைக் காட்டிவிடுகிறது. டாரின் என்பது இறைச்சியிலும் மீனிலும் உள்ள அமினோ சேர்மம்; நாயும் மனிதரும் உடலிலேயே ஆக்கிக்கொள்ளும் இதைப் பூனை போதிய அளவில் ஆக்கவியலாது, பித்த உப்புகளை உண்டாக்குவதில் தொடர்ந்து இழக்கவும் செய்கிறது. பாலின் புரதமான கேசினை அடிப்படையாகக் கொண்ட உணவில் வளர்க்கப்பட்ட பூனைகளின் விழித்திரை டாரின் குறைவால் சிதைவுறுவதை 1975இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். அதே குறைவு இதயத் தசையையும் தளரச்செய்கிறது என்பது 1987இல் தெளிவாயிற்று. பாலும் சோறும் அன்போடு இடப்படுபவை என்பதில் ஐயமில்லை. எனினும் அவற்றை மட்டுமே உண்ணும் பூனை பல மாதங்களில் சத்தமின்றிப் பார்வையை இழக்கக்கூடும். மீனை வேகவைத்த நீரைக் கொட்டிவிட்டுச் சதையை மட்டும் கொடுத்தாலும், நீரில் கரையும் டாரினில் ஒரு பகுதி அந்நீரோடு போய்விடுகிறது. இப்பூனைகளின் விழித்திரை மெலிவதால், அதன் பின்னே ஒளியைத் திருப்பியனுப்பும் டபீட்டம் என்னும் படலம் வழக்கத்தைவிடப் பளிச்சிட, இரவில் கண்கள் முன்பைக் காட்டிலும் அதிகமாக ஒளிர்வதாக வீட்டார் வியந்து சொல்வதுண்டு. உணவைத் திருத்தினால் சிதைவு நிற்கும். சிதைந்த பகுதி மீளாது.

இதற்கு நேர்மாறாக, ஒரே இரவில் வரும் குருட்டுத்தன்மை பெரும்பாலும் முதிய பூனைகளுக்குரியது. நாட்பட்ட சிறுநீரக நோயாலோ தைராய்டு மிகைச் சுரப்பாலோ இரத்த அழுத்தம் உயர, விழித்திரை தன் இடத்திலிருந்து பிரிந்துவிடுகிறது. கண்மணி இரண்டும் அகல விரிந்து, ஒளிக்கும் சுருங்காமல் நிற்க, சில பூனைகளில் கண்ணுக்குள்ளேயே இரத்தம் தேங்கித் தெரிகிறது. இரத்த அழுத்தம் அளக்கும் வேலை பொறுமையைக் கோருவது: பூனை அமைதியடையச் சில நிமிடங்கள் தனி அறையில் விட்டு, முன்கால் சுற்றளவில் ஏறத்தாழ 30 முதல் 40 விழுக்காடு அகலமுள்ள சிறு பட்டையைக் கட்டி, முதல் அளவைத் தள்ளிவிட்டு அடுத்தடுத்த பல அளவுகளின் சராசரியை எடுக்கின்றனர். மேல் அழுத்தம் 160ஐ எட்டினால் உயர் அழுத்தம் எனவும், 180ஐ எட்டினால் கண், மூளை, சிறுநீரகம் ஆகியவற்றுக்குக் கடும் ஆபத்து எனவும் கொள்ளப்படுகிறது. அம்லோடிபின் போன்ற மாத்திரை உடனே தொடங்கப்பட்டால் பிரிந்த விழித்திரை மீண்டும் ஒட்டிக்கொள்ளவும், ஓரளவு பார்வை திரும்பவும் வாய்ப்புண்டு. "நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளும் அந்த வாய்ப்பைக் குறைக்கிறது. வயதான பூனைக்கு ஆண்டுக்கொருமுறையேனும் இரத்த அழுத்தம் பார்க்கும் பழக்கம் இங்கு இன்னும் வேரூன்றாதது வருந்தத்தக்கது.

பரிசோதனை முடிந்தபின், மருந்திடும் முறையைக் கற்பிப்பதும் உதவியாளரின் வேலையாகிறது. பூனையின் முகத்துக்கு நேரே கையைக் கொண்டுசெல்லாமல், அதன் பின்னால் அமர்ந்து, தாடையை இலேசாக உயர்த்தி, மேலிமையைப் பெருவிரலால் நீக்கி, குப்பியின் முனை கண்ணில் படாமல் ஒரு துளி மட்டும் விடவேண்டும் என்று அவர் செய்துகாட்டி, வீட்டாரையும் தம் முன்னிலையில் ஒருமுறை செய்யவைக்கிறார். இரண்டு சொட்டு மருந்துகள் எழுதப்பட்டிருந்தால் அவற்றுக்கிடையே ஐந்து நிமிட இடைவெளி வேண்டும்; களிம்பு இருந்தால் அதைக் கடைசியில்தான் இடவேண்டும். பார்வை திரும்பாது எனத் தெரிந்த பூனையை அழைத்துச் செல்வோரிடம் சோற்றுத் தட்டையும் மணல் தொட்டியையும் இடம் மாற்றக் கூடாது, தொடுவதற்கு முன் பெயர் சொல்லி அழைக்க வேண்டும், மாடிப்படியின் தலைப்பில் தடுப்பு வைக்க வேண்டும் என்றும் அவர் சொல்லி அனுப்புகிறார்.