எர்த் வயர்

சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுநாள் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். பாம்பனிலிருந்து ராமநாதபுரத்தில் நான் செவிலியாக இருக்கும் மருத்துவமனைக்கு 40 கிலோமீட்டருக்கு மேல். இரவு டூட்டிக்கு அந்தப் பழைய கார்தான் என் தைரியம்.

மெக்கானிக் தம்பி வருவார். பானட்டைத் திறந்து வயர்களை ஆட்டிப் பார்ப்பார். உடனே ஸ்டார்ட் ஆகிவிடும். "அக்காவுக்கு இன்னும் கை பழகலண்ணே" என்று என் கணவரிடம் சொல்வார். நான் பக்கத்தில்தான் நின்றிருப்பேன். பேட்டரி மாற்றினோம், ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றிப் பார்த்தோம். 'டிக்' போகவில்லை. "வித்துட்டு பகல் டூட்டி கேளு" என்றார் கணவர். பகல் டூட்டிக்கு மாறினால் பல வருடம் போராடி வாங்கிய இரவுப் பொறுப்பு போய்விடும்.

நோயாளிக்குச் சார்ட் எழுதுவதுபோல் காருக்கும் ஒரு நோட்டுப் போட்டேன். நாள், நேரம், சத்தம். அடுத்தமுறை நின்றபோது ஹெட்லைட்டைப் போட்டுச் சாவியைத் திருப்பினேன். வெளிச்சம் மங்கவில்லை. பேட்டரியில் சக்தி இருக்கிறது, மோட்டாருக்குப் போய்த் திரும்பும் வழியில்தான் தடை. மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸிலும் மற்றதை இன்ஜின் இரும்பிலும் வைத்துக்கொண்டு, மகளைச் சாவி திருப்பச் சொன்னேன். அரை வோல்ட்டைத் தாண்டக்கூடாது. ஐந்துக்கு மேல் காட்டியது.

பேட்டரியைப் பிரித்துவிட்டு எர்த் வயரைக் கழற்றினேன். உறைக்குள் செம்புக்கம்பி பச்சையாகப் பூத்துப் பாதி உதிர்ந்திருந்தது. உப்புக்காற்றின் வேலை. தம்பி ஆட்டும்போதெல்லாம் மிச்சக் கம்பிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன; அவர் போனதும் விலகியிருக்கின்றன. புது வயர் வாங்கி, இணைப்பிடத்தை உப்புத்தாளால் தேய்த்து முறுக்கி, மேலே வாசலின் தடவினேன். பிறகு கார் நிற்கவே இல்லை.

1914இல் திறந்த எங்கள் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில்கள் நின்றன. துருவைத்தான் காரணம் சொன்னார்கள். ரயில் ஓட்டியவருக்குக் கை பழகவில்லை என்று ஒருவரும் சொல்லவில்லை.

ஆனால் நானும் சொல்லியிருக்கிறேன். வந்து வந்து போகும் வயிற்றுவலியோடு வரும் பெண்கள், டாக்டர் பார்க்கும் நேரத்தில் வலி இல்லை என்பார்கள். "ஒண்ணுமில்லம்மா, வீட்டுக்குப் போங்க" என்று அனுப்பியிருக்கிறேன். இப்போது அவர்களிடம் ஒரு தாளைக் கொடுத்து, வலி வரும் நேரத்தைக் குறித்துவரச் சொல்கிறேன். டாக்டரின் மேசையில் அதைத்தான் முதலில் வைக்கிறேன்.