பேத்தைக்கு முன் நத்தை

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே விரிந்திருக்கும் பிச்சாவரம் சதுப்பில், நீர் வற்றும் வேளையில் கால்வாய் ஓரத்தைக் கவனித்தால் பேத்தை மீனுக்கு இரையாகக்கூடிய அத்தனையும் கண்ணெதிரே கிடக்கும். வெண்கண்டலின் மூச்சுவேர்களுக்கிடையே நீண்டு கூர்த்த சிறு நத்தைகள் சேறே தெரியாதபடி அப்பியிருக்கின்றன. சுரபுன்னையின் தாங்குவேர்களில் ஆளி ஒட்டியிருக்கிறது. ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த ஆண் நண்டுகள் வளைவாசலில் நின்று அதை ஆட்டுகின்றன. ஓடுள்ளதை நொறுக்கித் தின்பதற்கென்றே அமைந்தது பேத்தையின் வாய். மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு பற்கள் அலகுபோல் இணைந்து வாழ்நாள் முழுதும் வளர்கின்றன. கடினமானதைக் கடித்துத் தேய்க்காவிட்டால் அந்தப் பற்கள் அளவுமீறி நீண்டு, இரை முன்னாலிருந்தும் மீன் பட்டினியில் சாகும். தொட்டியில் பேத்தை வைத்திருக்கும் ஒருவர் இந்தச் சேற்றைப் பார்த்ததும் வாளியைத் தேடுவது இயல்பே. ஆனால் அந்த வாளி மீனுக்கும் நல்லதல்ல, சதுப்புக்கும் நல்லதல்ல. பேத்தை வளர்ப்பு என்பது முதலில் இரை வளர்ப்பு. அதைக் கற்றபிறகுதான் மீனை வாங்க வேண்டும். இந்த முடிவுக்கு நான் வரக் காரணம், இந்தக் கரையில் வேலை செய்யும் இரு வகைத் தொழிலாளர்களின் கைப்பழக்கம்.

முதல் வகையினர், கிள்ளைப் பக்கத்துக் குடியிருப்புகளிலிருந்து வந்து கையால் இறால் பிடிக்கும் இருளர்கள். ஆணும் பெண்ணுமாகக் கலங்கல் நீரில் குந்தியபடியே நகர்கிறார்கள். இரு கைகளும் சேற்றைத் தடவிக்கொண்டே போக, விரலில் படும் இறாலை அமுக்கி எடுத்து ஓலைப் பறியில் போட்டுக்கொள்கிறார்கள். ஆளி ஓடு கையைக் கிழிக்கும். கெளுத்தியின் முள் குத்தினால் வலி எளிதில் அடங்காது. கண்ணுக்கு எதுவும் தெரியாத அந்த நீரில் எது இறால், எது கல், எது முள் என்று தொட்ட கணத்தில் விரல் பிரித்தறிகிறது. தலைமுறைகளாகப் பழகிய தேர்ச்சி இது. இதைக் 'கூலி வேலை' என்று எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. அவர்கள் தொடாமல் விட்டுச்செல்லும் நத்தையும் குஞ்சு நண்டும் வீணாய்க் கிடப்பவை அல்ல. நத்தையையும் மட்டியையும் உடைத்துத் தின்றுதான் சேற்று நண்டு பருக்கிறது. அந்த நண்டும் இதே மக்களுக்குக் காசாகும் பிடிதான். பொழுதுபோக்குக்காக வாளியில் அள்ளப்படும் நத்தை அவர்களுடைய கணக்கிலிருந்துதான் கழிகிறது. பிச்சாவரம் காப்புக்காடு, 2022 முதல் ராம்சர் ஈரநிலம் என்பதெல்லாம் இதற்குப் பிறகு வரும் காரணங்கள்.

“கடலில் அது இதைத்தானே தின்கிறது?” என்பதே பேத்தை வளர்ப்போர் முதலில் எழுப்பும் மறுப்பு. தின்கிறது, உண்மை. ஆனால் கடலில் தின்பதற்கும் சில நூறு லிட்டர் நீருக்குள் அடைபட்டுத் தின்பதற்கும் வேறுபாடு உண்டு. மூச்சுவேர்களடியில் மொய்க்கும் அந்தக் கூர்நத்தை பல வகைத் தட்டைப்புழுக்களுக்கு இடைநிலை ஓம்புயிர். நத்தைக்குள் பெருகும் புழுவின் இளம்பருவம் நீரில் நீந்தி வெளியேறி, அடுத்த உயிரைத் துளைத்து நுழையும். அகன்ற கால்வாயில் அது எங்கோ அடித்துச் செல்லப்படலாம். தொட்டியில் அதற்குக் கிடைப்பது ஒரே மீன்தான், அந்த மீனுக்கோ செதிலும் கிடையாது. மட்டியும் ஆளியும் நீரை வடிகட்டி உண்பதால் நீரிலுள்ள உலோகங்களைத் தசையில் சேர்த்துக்கொள்கின்றன. கடலூர் சிப்காட் கழிவு கலந்த உப்பனாறு இதே மாவட்டத்துக் கரையில்தான் கடலைச் சேர்கிறது. சென்னைக் கொளத்தூர்ச் சந்தையில் மீன் தீனியாகக் கிடைக்கும் ட்யூபிஃபெக்ஸ் புழுவும் இதே வகையில்தான் சேரும். கழிவுநீரில் செழிக்கும் உயிர், அந்தக் கழிவை உடலில் ஏற்றிக்கொண்டே வருகிறது.

இரை எவ்வளவு தூரம் மீனாகிறது என்பதற்குப் பேத்தையின் நஞ்சைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை. டெட்ரோடோடாக்சினை மீன் தானாக உண்டாக்குவதில்லை. சில பாக்டீரியாக்களில் உருவாகி, அவற்றை உண்ணும் சிற்றுயிர்களின் வழியே உணவுச் சங்கிலியில் ஏறி, மீனின் ஈரலிலும் சினையிலும் தங்குகிறது என்பதே இன்று பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. ஜப்பானில் நஞ்சற்ற தீனி மட்டுமே போட்டு வளர்த்த ஆயிரக்கணக்கான பேத்தைகளைச் சோதித்தபோது ஈரலில்கூட நஞ்சு காணப்படவில்லை. (வீட்டில் வளர்த்ததைத் தின்னலாம் என்று இதை யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.) கொல்லும் நஞ்சே தீனி வழியாக வருமென்றால், தீனியைத் தேர்ந்தெடுப்பது அழகுக்காகச் செய்யும் வேலையாக இருக்க முடியாது.

இரண்டாம் வகைத் தொழிலாளர்களைப் பரங்கிப்பேட்டையில் காணலாம். வெள்ளாற்றுக் கரையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையத்தில் கோமாளி மீன் உள்ளிட்ட அலங்கார மீன்களைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்திருக்கிறார்கள். அங்கே கவனிக்க வேண்டியது வண்ண மீன் அல்ல, பச்சை நீர். நுண்பாசியைச் சிறு குடுவையில் தொடங்கிப் பெரிய கலனுக்கு மாற்றுகிறார்கள். பாசி செறிந்ததும் அதில் ரோட்டிஃபரை விடுகிறார்கள். ஒரு மில்லிமீட்டரில் கால்பங்குகூடத் தேறாத அந்த உயிர்தான் குஞ்சின் முதல் கவளம். சில நாள் கழித்து, முட்டையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த ஆர்டீமியா என்ற உப்புநீர்ச் சிற்றுயிர். அதுவும் பொரித்துச் சில மணி நேரத்துக்குள் கொடுக்கப்பட வேண்டும். தாமதித்தால் தன் மஞ்சள்கருவைத் தானே தின்று சத்திழந்துவிடும். பாசி ஒருநாள் நொடித்தால் ரோட்டிஃபர் நொடிக்கும், அதன் பின்னாலேயே குஞ்சும். ஆகவே இந்த வேலையில் இருப்பவர்கள் மீன் முட்டையிடுமுன்பே தீனியைத் தொடங்கிவிடுகிறார்கள். கொள்ளிடத்துக்குத் தெற்கே சீர்காழி வட்டம் தொடுவாயில் உள்ள ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையத்தின் சேற்று நண்டுப் பொரிப்பகத்திலும் வரிசை இதுதான். கோமாளி மீனுக்கும் நண்டுக்கும் செல்லும் இந்த ஒழுங்கு பேத்தைக்கு மட்டும் ஏன் செல்லாது?

செல்லும், பச்சை நீரின் இடத்தில் நத்தைத் தொட்டியை வைத்தால் போதும். நம் ஊர்க் கடைகளுக்கு வரும் குட்டிப் பேத்தை கேரளத்து ஆறுகளுக்கு உரியது. 1941இல் ஹோராவும் நாயரும் அறிவியலுக்கு அறிமுகப்படுத்திய இனம் அது. மூன்றரை சென்டிமீட்டருக்கு மேல் வளர்வதில்லை. இன்று அழியும் ஆபத்துள்ள இனங்களின் உலகப் பட்டியலில் இருக்கிறது. ஆற்றில் குறைந்துவரும் மீனை வாங்கிவந்து பட்டினி போடுவது இரட்டைக் குற்றம். குட்டிப் பேத்தைக்கு ஏற்ற இரை நீர்ச்செடிகளோடு வந்துசேரும் மெல்லோட்டுச் சிறு நத்தை. மீனின் கண் அளவுக்கு இருந்தால் எளிதில் உடைக்கும். சேற்றில் புதையும் திருகுநத்தையின் ஓடு இந்தக் குட்டி வாய்க்கு அதிகம். தொடங்கும்போது வளர்ந்த நத்தையை விடாமல், இலையில் ஒட்டியிருக்கும் பசைபோன்ற முட்டைத் திரளை மட்டும் அலசி எடுத்துப் புதுத் தொட்டியில் போட வேண்டும். தட்டைப்புழு முட்டை வழியே இறங்குவதில்லை. பறவை எச்சமும் மாட்டுச் சாணமும் படாத தொட்டியில் அதன் சுழற்சி அறுந்துபோகும். வாளியில் அள்ளிய நத்தைக்கு இந்த உறுதியை யாராலும் தர முடியாது. தொட்டி நத்தைக்கு வெந்த கீரையும், ஓடு தடிக்கச் சுண்ணாம்புச் சத்தும் போதும். நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று விற்கும் கணவாய் ஓட்டுத் துண்டு ஒன்றைப் போட்டால் பல வாரம் வரும். இரண்டு தொட்டி வைத்து மாற்றி மாற்றி எடுத்தால் இனம் தீராது.

உயிரை வளர்த்து உயிருக்குப் போடுவது கொடுமை என்பாருண்டு. அவர்களை மறுக்க என்னிடம் வாதம் இல்லை. அப்படி உணர்பவர் பேத்தை வளர்க்காமலிருப்பதே நேர்மை. உலர்தீனி போதாதா என்பதற்கு, பெரும்பாலான பேத்தைகள் அதை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை, பார்த்தாலும் பல் தேயாது என்பதே பதில். எனக்குக் கனமாகப்படும் மறுப்பு வேறு: நத்தையும் குஞ்சு நண்டும் விலைபோனால் இருளர்களுக்கு இன்னொரு வருமானமாகுமே என்பது. வருமானம் தேவைதான். ஆனால் நத்தைக்குக் கிடைக்கும் சில்லறைக்காக அவர்கள் பிடிக்கும் நண்டின் இரையைக் குறைப்பது அவர்களுக்கே இழப்பு. கழிமுகத்துப் புள்ளிப் பேத்தை போன்ற பெரிய இனங்களுக்கு, வளர்ந்தபின் நத்தை மட்டும் போதாது. ஓட்டோடு இறால், நண்டுக்கால், எப்போதாவது மட்டி வேண்டும். அவற்றைக் கிள்ளையில் கரையேறும் பிடியிலிருந்தே, மனிதர் உண்ண வாங்கும் அதே விலைக்கு வாங்கலாம். சில நாள் உறையவைத்தால் பெரும்பாலான ஒட்டுண்ணிகள் சாகும். இறால் சதை வீட்டுக் குழம்புக்கும், தலையும் ஓடும் நண்டுக்காலும் தொட்டிக்கும் போகட்டும்.