ஒன்றே முக்கால் வயதுக்கு ஒரு கப்பல்

புதுச்சேரிக்கு வரும் பெரிய பயணிகள் கப்பல் கரையைத் தொடாது. தள்ளி, கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும். பிரெஞ்சுக்காரர் காலத்தில் மெஸாஜெரி மரித்தீம் கம்பெனிக் கப்பல்கள் அப்படித்தான் நின்றன. சலங்குப் படகுகள் அலையைத் தாண்டிப் போய் ஆட்களையும் மூட்டைகளையும் ஏற்றி வந்தன. அந்தக் காலத்துக் கடல்பாலத்தை 1952 புயல் கொண்டுபோனது. அதற்குப் பிறகு கட்டிய பாலத்திலும் ஒரு பகுதி 2022 மார்ச்சில் சரிந்து விழுந்தது. அதே 2022இல், ஜூன் 4 அன்று சென்னையில் முதல்வர் ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பிய கார்டீலியா கப்பல், நம் ஊருக்கு எதிரே வந்து நின்றும் யாரையும் இறக்காமல் திரும்பியது. உள்ளே சூதாட்ட விடுதி இருக்கிறது என்று எதிர்ப்பு. அரசு அனுமதி தரவில்லை. மூன்று வருஷம் கழித்து, 2025 ஜூலை 4 அன்று மறுபடி வந்தது. இந்த முறை பயணிகள் சின்னப் படகுகளில் இறங்கி வந்து, ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அந்தச் செய்தி டிவியில் ஓடியபோது எங்கள் பாகூர் வீட்டில் மகளுக்கு ரசம் சாதம் ஊட்டிக்கொண்டிருந்தேன். "ஏம்மா, நம்ம ஊருக்கே வருதாமே, நாமளும் ஒருதரம் போய் வந்தா என்ன?" என்றார் என் மாமியார். அத்தையின் சித்தப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோனுக்குக் கப்பலேறியவர். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவருக்கு இந்த ஆசை வராமல் இருந்தால்தான் அதிசயம். வீட்டுக்காரர் உடனே போனை எடுத்துத் தேட ஆரம்பித்துவிட்டார். அவர் பார்த்தது நீச்சல் குளம், நாடக அரங்கு, பஃபே. நான் பார்த்தது ஒன்றே முக்கால் வயதுப் பெண் ஒருத்தியை. அவள் தூளியில் போட்டால்தான் தூங்குவாள்.

கப்பல் விளம்பரங்களில் இந்த வயதுக் குழந்தை கிடையாது. ஆறு வயதுப் பிள்ளைகள் சறுக்கில் வழுக்குவார்கள், இளஞ்ஜோடி சூரியனைப் பார்த்துக் கைகோத்து நிற்கும். விதிகளின் பொடி எழுத்தில்தான் நம் பிள்ளை வருகிறது. பெரிய கம்பெனிகள் பலவற்றில் ஆறு மாதத்துக்குக் கீழ்ப்பட்ட குழந்தையை ஏற்றுவதில்லை. கரையே காணாமல் பல நாள் போகும் நீண்ட பயணம் என்றால் ஒரு வயது நிறைந்திருக்க வேண்டும். விளையாட்டறையில் பிள்ளையை விட்டுவிட்டு வரலாம் என்பது பெரும்பாலும் மூன்று வயதுக்கு மேல்தான். டிஸ்னி போன்ற சில கம்பெனிகளின் கப்பல்களில் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரைக்குமான காப்பறை உண்டு; அதற்குக் கட்டணம் தனி. டயப்பர் போடும் குழந்தைக்குப் பொதுக் குளத்தில் இடமில்லை. நீந்துவதற்கென்று விற்கிற டயப்பர் போட்டாலும் இல்லை. ஆக, எந்தக் குளத்தைக் காட்டி டிக்கெட் விற்கிறார்களோ அதன் ஓரத்தில் நின்று, "தண்ணி, தண்ணி" என்று கத்துகிற பிள்ளையை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். இது தெரிந்ததும் எனக்கு ஒரு தெளிவு வந்தது. கப்பலில் என்ன இருக்கிறது என்று பார்த்துப் பயனில்லை. குழந்தை எங்கே தூங்கும், எப்போது சாப்பிடும், எப்படி இறங்கும் என்று மட்டும் பார்த்தால் போதும்.

பிரான்சிலிருந்து நாத்தனார் போன் செய்தாள். "அண்ணி, இங்க வந்துடுங்க, மர்செய்லேருந்தே கப்பல் கிளம்புது. ஒரு வாரத்துல இத்தாலி, ஸ்பெயின் எல்லாம் பாத்துடலாம்" என்றாள். பாகூரிலும் வில்லியனூரிலும் இப்படிப் போன் வராத தெருவைக் காண்பது கஷ்டம். ஆனால் விசா வாங்கி, பாதி நாள் விமானத்தில் உட்கார்ந்து, நேர மாற்றத்தில் நடுராத்திரி விழித்துக்கொள்ளும் பிள்ளையை வைத்துக்கொண்டு தினம் ஒரு துறைமுகமா? வேண்டாம் என்றேன். சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் கப்பலும் அதே கணக்கில் கழிந்தது.

நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குப் போகும் கப்பலும் பேச்சில் வந்தது. 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கி, சில நாளிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்ற கப்பலோடு மறுபடி ஓடத் தொடங்கியது. எங்களுக்குச் சென்னையைவிட நாகை கிட்டம். நல்லூர் கந்தனைப் பார்த்தது போலவும் ஆகும். ஆனால் அது உட்கார்ந்து போகிற கப்பல், படுக்கை கிடையாது. நாலு மணி நேரம் ஒரே இருக்கையில் அடங்கி உட்கார எங்கள் வீட்டில் அத்தையால் முடியும், பேத்தியால் முடியாது.

மிஞ்சியது சென்னை. அங்கே சில மாதங்கள் கப்பல் இருப்பதற்குக் காரணம் காற்று. தென்மேற்குப் பருவக்காற்றில் அரபிக்கடல் கொந்தளிக்கும்போது, மும்பையைத் தளமாகக் கொண்ட கப்பலை வங்கக் கடல் பக்கம் கொண்டுவருகிறார்கள். அதனால் நமக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் காலம். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் யாராவது கப்பல் பயணம் என்றால் காதைப் பொத்திக்கொள்ளுங்கள். 2011 டிசம்பரில் தானே, 2024 நவம்பரில் ஃபெஞ்சல் என்று இரண்டும் எங்கள் தலையிலேயே கரை ஏறின. ஃபெஞ்சலில் பாகூர் வயல்கள் ஏரியோடு ஏரியாகக் கிடந்ததைப் பார்த்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சென்னையிலும் இரண்டு வகை. விசாகப்பட்டினம், புதுச்சேரி என்று போய் வருவது ஒன்று. எங்கும் நிற்காமல் கடலில் ஒரு சுற்றுச் சுற்றி, ஏறிய இடத்திலேயே இறக்கிவிடும் இரண்டு இரவுப் பயணம் இன்னொன்று. வீட்டுக்காரருக்கு முதலாவதன் மேல்தான் கண். "நம்ம ஊரைக் கடல்லேருந்து பார்க்கலாம்" என்றார். ஆசை நியாயம்தான். ஆனால் சென்னையில் கப்பல் கரையோடு ஒட்டி நிற்கும், பாலத்தில் நடந்து ஏறலாம். விசாகப்பட்டினத்திலும் 2023இல் பயணிகள் கப்பலுக்கென்றே முனையம் திறந்தாயிற்று. புதுச்சேரியில்தான் ஆடுகிற கப்பலின் பக்கவாட்டிலிருந்து ஆடுகிற படகுக்குக் கால் வைக்க வேண்டும். முட்டி வலிக்கார அத்தையும் இடுப்பில் குழந்தையுமாக அதை இரண்டு முறை, போகவும் வரவும், செய்ய வேண்டும். அதற்குப் பிறகு பார்க்கப் போவது என்ன? மணக்குள விநாயகரையும் கடற்கரைச் சாலையையும். கடலூர் ரோட்டில் பஸ் ஏறினால் வந்துவிடுகிற இடம்!

பதிவு செய்வதற்கு முன் ஒரு சோதனை வேண்டும் என்று தோன்றியது. நோணாங்குப்பத்தில் சுண்ணாம்பாறு படகுத்துறை இருக்கிறது. அங்கிருந்து பாரடைஸ் பீச்சுக்குப் போகும் படகில் மகளை ஏற்றினோம். ஏரிக்கரையில் தண்ணீரைப் பார்த்து வளர்ந்தவள், பயப்பட மாட்டாள் என்று நினைத்தேன். அவள் தண்ணீருக்கு அசையவே இல்லை. உயிர்காப்புச் சட்டையின் பட்டையை இழுத்துக் 'கிளிக்' என்று பூட்டியதும்தான் வீறிட்டாள். அந்த ஓசையும், நெஞ்சில் ஏதோ இறுக்குவதும் அவளுக்குப் பிடிக்கவில்லை. அதன் பிறகு வீட்டில் அவளுடைய பள்ளிப்பை மாதிரியான சின்னப் பையின் கிளிப்பை மாட்டிக் கழற்றி, மாட்டிக் கழற்றி விளையாட்டாக்கினோம். இது வீண் வேலை இல்லை. 2012இல் இத்தாலியில் கோஸ்டா கொன்கார்டியா கவிழ்ந்த பிறகு, கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ பயணிகள் எல்லோருக்கும் ஆபத்துக்கால ஒத்திகை நடந்தாக வேண்டும் என்று சர்வதேச விதியை இறுக்கினார்கள். 24 மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில், ஏறியிருக்கும் ஒவ்வொரு கைக்குழந்தைக்கும் அதன் அளவில் ஒரு சட்டை இருக்க வேண்டும் என்பதும் விதிதான். விமானத்தில் மடிக்குழந்தையாகப் போகும் பிள்ளை, கப்பலில் உயிர்ப்படகில் ஓர் இடம் பிடிக்கிற முழுப் பயணி.

அடுத்து அறை. பால்கனி வேண்டவே வேண்டாம் என்று அத்தை முடிவாகச் சொல்லிவிட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறுகிற வயது, அவர் சொல்வது சரி. சன்னலே இல்லாத உள்ளறை மலிவு, ஆனால் பகலா இரவா தெரியாது. கடல் தெரிகிற, திறக்க முடியாத சன்னல் வைத்த அறையே எங்களுக்குத் தோதாக இருந்தது. அதிலும் கப்பலின் நடுப்பாகத்தில், கீழ்த் தளத்தில் கேட்டோம். ஏற்றத்தில் துலாவின் இரண்டு முனையும் ஏறி இறங்கும்போது நடுவில் தாங்கும் இடம் அதிகம் அசையாது அல்லவா, கப்பலும் அப்படித்தான். முன்மூக்கிலும் பின்னாலும் உயரத்திலும் இருக்கிற அறைகளில் ஆட்டம் கூடுதல்.

கடல் மயக்கத்தைப் பற்றி ஒரு விஷயம் எனக்கே புதிது. இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்கு அது அநேகமாக வருவதில்லை. இரண்டிலிருந்து பன்னிரண்டு வரைதான் அதிகம். பஸ் பயணத்துக்கு அவோமின் மாத்திரையை அரை, கால் என்று உடைத்துக் கொடுக்கிற பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அதிலிருக்கும் புரோமெத்தசின் இரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தையின் மூச்சையே அடக்கிவிடக்கூடும். கொடுக்கவே கூடாது. 16 முதல் 24 மாதத்துக்குள் போடும் தட்டம்மை ரூபெல்லா இரண்டாம் தவணை ஊசியையும், அத்தனை பேர் அடைந்து கிடக்கும் இடத்துக்குப் போகிறோம் என்பதால், முன்னாலேயே போட்டுவிட்டோம். இதெல்லாம் டாக்டரிடம் கேட்டுச் செய்ய வேண்டிய காரியம்.

தூளிதான் பெரும்பாடு. கப்பல் அறையின் கூரையில் கொக்கி ஏது? கேட்டால் சின்னக் கட்டில் தருவார்கள், கம்பிபோட்ட அந்தக் கட்டிலில் எங்கள் மகள் நிற்பாளே தவிரப் படுக்க மாட்டாள். "ஆடியில புதுசா ஒண்ணும் வேணாம்" என்று அத்தை சொன்னதால் பயணம் ஆவணிக்குப் போனது. நல்லதாகப் போயிற்று. ஆடி முழுக்க அவளைப் பாயில் போட்டுப் பழக்கினோம். தூளிச் சேலையையே மடித்துத் தலைமாட்டில் வைத்து, அத்தை தொடையில் தட்டிக்கொண்டே இருப்பார். முதலில் விடிய விடிய ரகளை. மாதக் கடைசியில் சேலையைக் கையில் பிடித்துக்கொண்டு தூங்கினாள். அந்தச் சேலையும் கப்பலுக்கு வந்தது.

கூடவே ஒரு பிளாஸ்டிக் சொம்பு, ஊதினால் விரியும் சின்னக் குளியல் தொட்டி, வாயகன்ற பிளாஸ்க். நாங்கள் போன கார்டீலியா கம்பெனியின் எம்பிரஸ், 1990இல் பிரான்சின் சேன்-நசேரில் அமெரிக்கக் கம்பெனிக்காகக் கட்டிய கப்பல். மியாமியிலிருந்து மூன்று, நான்கு இரவுப் பயணத்துக்கென்றே வடிவமைத்தது, அதனால் அறைகள் கச்சிதம். இப்படிப்பட்ட குளியலறைகளில் நம் வீட்டு வாளி, குழாயைத் தேடக் கூடாது. கெட்டிலும் இஸ்திரிப்பெட்டியும் தீ பயத்தால் பொதுவாக எந்தக் கப்பலிலும் அனுமதி இல்லை. சத்துமாவுக் கஞ்சிக்கு வேண்டிய வெந்நீரைச் சாப்பாட்டுக்கூடத்தில் பிளாஸ்க்கில் பிடித்துக்கொண்டோம். சோப்புப் போட்டுக் கை கழுவுவதை விடாதீர்கள். கப்பலில் பரவும் வயிற்றுப்போக்குக் கிருமியான நோரோ வைரஸுக்கு, கையில் தடவும் சானிட்டைசர் அவ்வளவாகப் பயன்படாது.

வாந்தி வந்தது, கப்பலில் இல்லை. ஈ.சி.ஆரில் மரக்காணம் உப்பளம் தாண்டியதும் காரில் வந்தது. கடல் மயக்கம் வராத வயது என்று படித்ததெல்லாம் எங்கள் கார் டிரைவருக்குத் தெரியாது. எடுத்த வேகம் அப்படி. கப்பலில் ஒத்திகையின்போது அத்தைதான் மிரண்டார்; பேத்தி கிளிப்பை மாட்டிக் காட்டினாள். இரவு காட்சிக்கு நாங்கள் மாறி மாறிப் போனோம், சேர்ந்து ஒன்றும் பார்க்கவில்லை. குளத்தோரம் அழுகையும் நடந்தது. அறைக்குள் ஊதிய தொட்டியில் அத்தை சொம்பால் தண்ணீர் மொண்டு ஊற்றியதில் அது தீர்ந்தது.

ஐந்தரை மணிக்கே அவள் எழுந்துவிடுவாள், கப்பலிலும் எழுந்தாள். வேறு வழியில்லாமல் மேல்தளத்துக்குத் தூக்கிப் போனேன். தரை கழுவுகிறவர்களையும் எங்களைப் போலக் குழந்தை தூக்கிய சிலரையும் தவிர ஆளில்லை. நாலாபக்கமும் கரை இல்லாமல் சூரியன் வருவதைப் பார்த்த அத்தை, ஈரத்தரை என்றும் பாராமல் விழுந்து கும்பிட்டார். சித்தப்பா சொன்னது இதைத்தான் என்றார். எனக்கு இந்தச் செலவு அவருக்காகத்தான் என்று பட்டது. குழந்தைக்கு இது நினைவிருக்கப் போவதில்லை.

என்னைக் கேட்டால், பிள்ளைக்கு மூன்று வயது முடியும்வரை காத்திருப்பதே மேல். அதற்குள் போயே ஆக வேண்டும் என்றால் இரண்டு இரவுக்கு மேல் வேண்டாம். சென்னையில் ஏறுங்கள், சென்னையிலேயே இறங்குங்கள். புதுச்சேரிக்குப் பஸ்ஸில் வாருங்கள்.