ஆறு போல்ட்டும் ஒரு நட்டும்

வேப்பமரத்தடியில் வெள்ளை மாருதி 800 நின்றிருந்தது. அப்பா ஓட்டிய வண்டி, இப்போது மகன் கைக்கு வந்திருக்கிறது. மகனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். பின்சீட்டில் பழைய வேட்டித் துணியில் சுற்றி ஒரு ரேஸ் ஸ்டீயரிங். அதை வண்டியோடு இணைக்கும் பாஸ் கிட்டைச் சென்னை புதுப்பேட்டையில் அலைந்து வாங்கியிருக்கிறார். கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலையேறி வெள்ளிமலைக்குப் போகையில் இந்த ஸ்டீயரிங்கைப் பிடித்துத் திருப்ப வேண்டும், அதுதான் அவர் ஆசை. அந்த வேலையை முதல் நட்டு கழல்வதிலிருந்து கடைசி போல்ட் இறுகும்வரை பக்கத்தில் நின்று பார்க்கத்தான் அன்று காலை நான் திருக்கோவிலூர் போயிருந்தேன்.

மெக்கானிக் அண்ணன் வண்டியைத் தொடுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“தம்பி, இதுல ஏர்பேக் கிடையாது இல்ல?”

“இல்லண்ணா. பழைய வண்டி.”

“அப்ப சரி. இருந்திருந்தா கைய வெக்க மாட்டேன்.”

முன்சக்கரங்களை நேராக நிறுத்தினார். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றினார். ஸ்டீயரிங் நடுவிலிருந்த ஹார்ன் மூடியை நெம்பி எடுத்ததும் உள்ளே நட்டு தெரிந்தது. ஸ்டீயரிங் ராடின் நுனியிலும் பழைய ஸ்டீயரிங்கிலும் வெள்ளை மார்க்கரால் ஒரே நேர்க்கோடு போட்டுக்கொண்டார். ராடின் தலையைச் சுற்றிப் பல் பல்லாக வெட்டியிருக்கிறது. அதற்கு ஸ்ப்ளைன் என்று பெயர். ஒரு பல் தள்ளி உட்கார்ந்தாலும் வண்டி நேராக ஓடும்போது ஸ்டீயரிங் கோணலாக நிற்கும்.

பாக்ஸ் ஸ்பானரால் நட்டைத் தளர்த்தினார். ஆனால் முழுதாகக் கழற்றவில்லை, நான்கைந்து சுற்று மரையில் விட்டுவைத்தார். இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஸ்ப்ளைனில் வருஷக்கணக்காக இறுகிக் கிடக்கும் ஸ்டீயரிங் இழுக்க இழுக்க வராது; திடீரென்று விடுபட்டால் நேராக முகத்தில் வந்து இடிக்கும். அப்போது நட்டு அதைப் பிடித்துக்கொள்ளும். சுத்தியலை அவர் எடுக்கவே இல்லை, புல்லர் மாட்டித்தான் இழுத்தார். ராடின் தலையில் அடித்தால் உள்ளே பேரிங் கெட்டுவிடும் என்றார்.

பாஸ் கிட் என்பது ஒரு பக்கம் வண்டியின் ஸ்ப்ளைனுக்கும் மறுபக்கம் ரேஸ் ஸ்டீயரிங்குக்கும் பொருந்துகிற இடைத்துண்டு. புது ஸ்டீயரிங்கில் ஆறு துளைகள் வட்டமாக இருந்தன. எதிரெதிர்த் துளைகளின் நடுவே அளந்தால் 70 மில்லிமீட்டர். மோமோ, ஸ்பார்கோ போன்ற இத்தாலியக் கம்பெனிகளின் அளவு அது. நார்டி என்றால் 74. நான்கு மில்லிமீட்டர்தானே என்று துளையை ராவிப் பெரிதாக்கி மாட்டுகிறவர்கள் உண்டு. அது கொலைபாதகம். மோமோவைத் தொடங்கிய ஜியான்பியரோ மொரெட்டி ஒரு பந்தய ஓட்டுநர். 1964-ல் ஃபெராரி காரில் உலகப் பட்டம் வென்ற ஜான் சர்டீஸ் பிடித்தது அவருடைய ஸ்டீயரிங்கைத்தான். மோமோ பெயரைப் பொறித்த போலிகள் இன்று கடைக்குக் கடை தொங்குகின்றன. இந்தத் தம்பி வாங்கியது பெயர் எதுவும் இல்லாதது. அண்ணன் அதை முழங்கால்மேல் வைத்து முறுக்கிப் பார்த்து, வளையவில்லை என்று தெரிந்த பிறகே மாட்டச் சம்மதித்தார்.

முதல் முறை மாட்டியபோது இண்டிகேட்டர் தானாக அணையவில்லை. பாஸின் பின்பக்கம் இருக்கும் சிறிய முளை இண்டிகேட்டர் சுவிட்சின் வளையத்தில் போய் உட்காரவில்லை. மறுபடி கழற்றினார். ஹார்ன் பட்டனுக்கு ஒரு முனையில் வண்டியின் வயர், இன்னொரு முனையில் எர்த். இரண்டும் பாஸின் விளிம்பில் உரசாதபடி டேப் சுற்றினார். நட்டைக் கையால் இறுக்கிவிட்டு எழுந்துவிடாமல் டார்க் ரெஞ்ச் வைத்து முடித்தார்.

பிறகு ஆறு போல்ட்டுகள். கிட்டோடு வந்தவற்றில் ஒன்று மரை பிடிக்காமல் சும்மாவே சுற்றியது.

“அஞ்சு போதும்ண்ணா, நிக்கும்,” என்றார் தம்பி.

அண்ணன் பதில் சொல்லவில்லை. உதவிக்கு இருந்த பையனைக் கடைவீதிக்கு அனுப்பிப் புதிதாக ஆறு வாங்கிவரச் சொன்னார். முக்கால் மணி நேரம் போயிற்று. அந்த நேரத்தில் எனக்கு அவர்மேல் வந்த மரியாதை பெரிது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98-ஆம் விதி இதைத்தான் சொல்கிறது: ஸ்டீயரிங்கில் 30 டிகிரிக்கு மேல் வெற்று ஆட்டம் இருக்கக் கூடாது, இணைப்புப் போல்ட்டுகள் தளராதபடி பூட்டப்பட்டிருக்க வேண்டும். போல்ட் வந்ததும் மரையில் பசை தடவி, எதிரெதிராக மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார்.

தென்பெண்ணைப் பாலம் தாண்டி அரகண்டநல்லூர்வரை ஓட்டிப் பார்த்தோம். ஓடும்போது சுகமாகத்தான் இருந்தது. லேசாகத் திருப்பினாலே வண்டி கேட்டது. திரும்பி வரும்போது ஓரிடத்தில் வண்டியை ரிவர்ஸ் எடுத்துத் திருப்ப வேண்டியிருந்தது. தம்பியின் தோள் நரம்பு புடைத்தது. இது பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டி. 38 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஸ்டீயரிங்குக்குப் பதில் 35 மாட்டினால் அதே சக்கரத்தைத் திருப்ப எட்டு, ஒன்பது சதவீதம் கூடுதல் பலம் வேண்டும். பாஸின் உயரத்தால் ஸ்டீயரிங் நெஞ்சுக்கு நான்கு விரற்கடை நெருங்கி வந்துவிட்டது. இண்டிகேட்டர் குச்சி விரலுக்கு எட்டாமல் பின்னால் போய்விட்டது. வெள்ளிமலைக் கொண்டை ஊசி வளைவுகளில் முதல் கியரில் திருப்பும்போது இவை மூன்றுமே தெரியும். அதைத் தம்பியிடம் சொன்னேன். சீட்டை ஒரு பல் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார்.

இதே 800-இன் இன்ஜினை வைத்துத்தான் கோவை கரிவரதன் ஃபார்முலா மாருதி பந்தயக் காரை உருவாக்கினார். சோழவரம் ஓடுதளத்தில் அந்தக் கார்கள் சீறின. 1995-ல் விமான விபத்தில் அவர் இறந்த பிறகு, கோவை செட்டிபாளையத்துப் பந்தயத் தடத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். பந்தயக் காரிலும் சின்ன ஸ்டீயரிங்தான், ஏர்பேக் இல்லைதான். ஆனால் அங்கே ஓட்டுபவரின் தோளையும் இடுப்பையும் சீட்டோடு சேர்த்துக் கட்டியிருக்கும், தலையில் ஹெல்மெட் இருக்கும், சுற்றிலும் இரும்புக் கூண்டு இருக்கும். அதிலிருந்து ஸ்டீயரிங்கை மட்டும் பிய்த்து வந்து தெருவில் ஓடும் வண்டியில் மாட்டினால் பந்தயக் காரின் பாதுகாப்பு வந்துவிடாது.

நாங்கள் திரும்பி வந்தபோது மரத்தடியில் ஒரு புது ஹேட்ச்பேக் காத்திருந்தது. அதன் சொந்தக்காரர் கையிலும் ரேஸ் ஸ்டீயரிங். அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, “சார், மன்னிச்சிடுங்க. இது ஆகாது,” என்றார்.

“வேற இடத்துல ரெசிஸ்டர் போட்டு ஏர்பேக் லைட்ட அணைச்சுக் குடுக்குறாங்களே?”

“லைட்டு அணைஞ்சுடும் சார். பலூன் எங்கேந்து வரும்?”

இந்தியாவில் புதிய கார்களில் ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயமானது 2019 ஜூலை 1 முதல். மோதலில் கண் இமைப்பதற்குள் விரியும் அந்தப் பை ஸ்டீயரிங் நடுவில்தான் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. அதற்கு மின்சாரம் போவது கிளாக் ஸ்பிரிங் என்ற சுருள் நாடா வழியாக. இரண்டையும் எடுத்து எறிந்தால் முகத்துக்கும் அலுமினியத் துண்டுக்கும் இடையில் எதுவும் இல்லை. சட்டமும் கடுமைதான். அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று தீர்ப்பளித்தது.

தம்பி அவர்கள் பேசியதைக் கேட்டுக்கொண்டு நின்றார். பழைய ஸ்டீயரிங்கை அதே வேட்டித் துணியில் சுற்றி டிக்கியில் வைத்தார். அண்ணன் கடைசியாக ஆறு போல்ட்டிலும் மார்க்கரால் கோடு போட்டார். ஒன்று தளர்ந்தாலும் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். நூறு கிலோமீட்டர் ஓட்டியதும் வந்து காட்டச் சொன்னார். அதற்குள் மலைக்குப் போக வேண்டாம் என்றும் சொன்னார்.

உங்கள் காரின் ஸ்டீயரிங் நடுவில் ஏர்பேக் என்றோ எஸ்.ஆர்.எஸ். என்றோ எழுதியிருந்தால், தயவுசெய்து அதைக் கழற்றாதீர்கள்.